ஐஸ் ஹவுஸ்: மெட்ராஸின் பழைய ஃப்ரிட்ஜ்

மெரினா எதிரே, மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் விவேகானந்தர் இல்லம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்காக இருந்தது தெரியுமா?

1842 வாக்கில் அதைக் கட்டியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் வெட்டிய ஐஸ், மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் சுமார் நான்கு மாதம் பயணம் செய்து வந்தது. 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் சரக்கு 180 டன். போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன்தான்! உருகியது போக மிஞ்சியதில்தான் லாபம். அதனால் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அந்த வியாபாரத்தின் உயிர்.

பிறகு உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்தது. 1880 வாக்கில் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் பாடம் மாறவில்லை. மரத்தூள் செய்த வேலையை இன்று ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் ஃபோம் செய்கிறது. கதவு ரப்பர் தளர்ந்தால் அன்று போலவே வெப்பம் உள்ளே நுழையும். நஷ்டம் மட்டும் கரண்ட் பில்லில் வரும்!