தோற்பாவைத் திரையில் கோமாளிக் குடும்பம்

அண்மையில் அதிராம்பட்டினத்தில் கல்லூரி மாணவர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். பேச்சு தொலைக்காட்சியில் வரும் கேலிச்சித்திரங்களின்பால் திரும்பிற்று. அவர்களுள் ஒருவர், 'சிம்ப்சன்ஸ்' என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடரின் முதற்பருவத்தை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் பார்த்து முடித்திருந்தார். "ஐயா, கோடுகளால் ஆன ஒரு குடும்பம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மக்களைச் சிரிக்க வைத்து வருகிறது. இப்படி ஒன்று நம் நாட்டில் எக்காலத்தும் இருந்ததில்லையே, ஏன்?" என்று வினவினார். இருந்தது என்றேன். எங்கே என்றார். இந்தத் தஞ்சைத் தரணியிலேதான் என்றேன். அவர் நம்பவில்லை. அன்று சொல்லி முடிக்க இயலாமற்போனதை இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் அவர் பார்த்த தொடரைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். மாட் கிரோனிங் என்னும் ஓவியர் தம் தந்தை, தாய், தங்கையர் ஆகியோரின் பெயர்களையே தாம் வரைந்த மாந்தருக்கும் இட்டார். 1987 ஏப்ரலில், டிரேசி உல்மன் என்னும் நடிகையின் நிகழ்ச்சிக்கு இடையிடையே வரும் சிறு துணுக்குகளாக அவர்கள் முதன்முதல் தோன்றினர். 1989 டிசம்பர் 17 அன்று அரைமணி நேரத் தொடராக வளர்ந்தனர். முதற்பருவத்தில் 13 பகுதிகளே இருந்தன. தந்தை ஹோமர் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். முதற்பகுதியில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அவர் எதிர்பார்த்திருந்த போனஸ் கிடைக்கவில்லை. அதை வீட்டில் சொல்ல வெட்கி, கடையில் தாத்தா வேடம் புனைந்து கூலி பெறுகிறார். அக்கூலியையும் நாய்ப் பந்தயத்தில் தோற்று, பந்தயத்தில் கடைசியாக வந்து விரட்டப்பட்ட நாயை அணைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். பணமில்லாத வீட்டில் பண்டிகை வந்தால் என்ன நேரும் என்பதே கதை. தீபாவளிக்கு முதல்நாள் இரவை அறிந்த தமிழ்க் குடும்பம் எதற்கும் அது புரியாத கதையன்று.

அம்முதற்பருவத்தை இன்று பார்ப்போர்க்கு அதன் கரடுமுரடு கண்ணில் படும். ஹோமரின் குரல் பின்னாளில் நாம் கேட்கும் குரலன்று. அதே நடிகர்தாம், ஆனால் தொண்டைக்குள் உறுமும் குரலில் பேசுகிறார். ஸ்மிதர்ஸ் என்னும் ஊழியர் முதன்முறை தோன்றும்போது அவருடைய தோலின் நிறமே வேறு. கொரியாவில் வரையப்பட்டு வந்த முதல் சுருள் மனநிறைவு தராமையால் அதன் பெரும்பகுதியைத் திரும்ப வரைவித்தார்கள். ஆகவே முதலில் வந்திருக்க வேண்டிய அப்பகுதி, 1990 மே 13 அன்று பருவத்தின் இறுதிப் பகுதியாக வெளிவந்தது. இவற்றைக் குறைகள் என்று சிலர் ஒதுக்குவர். வரலாறு பயில்வோர் அவ்வாறு ஒதுக்கலாகாது என்பது என் கருத்து. ஒரு கலை தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் காலத்தை நேரிற் காணும் வாய்ப்பு எளிதில் அமைவதன்று. தேடி முடித்த பின்னர் எல்லாம் வழவழப்பாகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழர் பாவைகளை ஆட்டுவித்தது பன்னெடுங்காலப் பழக்கம். திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்திலேயே கயிற்றால் இயங்கும் மரப்பாவை உவமையாக வந்துள்ளது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் 'பாவை' என ஒன்று உண்டு; அது திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடிய ஆடல். தேர்வுத்தாளில் இதனையும் பொம்மலாட்டத்தையும் ஒன்றாக்கி எழுதுவோர் உளர். அவ்வாறு எழுத வேண்டா. மரப்பாவைக்கும் இன்று நாம் பேசும் தோற்பாவைக்கும் வேறுபாடு உண்டு. தோற்பாவை என்பது பதம் செய்த ஆட்டுத்தோலில் உருவம் வரைந்து, அதை வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டி, நடுவே ஒரு கழியைப் பொருத்தியது. வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். விளக்கிற்கும் திரைக்கும் இடையே பாவையைத் துணியோடு ஒட்டப் பிடித்தால், மறுபுறத்தே வண்ண நிழல் எழும். சிவப்பும் பச்சையும் விளக்கொளியில் கசிந்து துணியில் படரும் அழகை அணிகலத் துளைகளின் வழியே சிதறும் ஒளி இன்னும் மிகுவிக்கும். ஒரே மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்து இராமனாகவும் இராவணனாகவும் சூர்ப்பணகையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். வானொலி நாடகத்தில் ஒருவரே பல குரலில் பேசக் கேட்டு நாம் வியக்கிறோம். அவர் அதனைப் பத்து இரவு தொடர்ந்து செய்தார்.

இக்கலையைத் தமிழகத்தில் நடத்தியவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் என்னும் வகுப்பார். ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றி மராட்டியர் ஆட்சியை நிறுவியது 1676-ஆம் ஆண்டளவில். அவ்வாட்சியை ஒட்டியே இக்கலைஞர் இங்கு வந்தனர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஏகோஜியின் மைந்தர் சகஜி நாடகம் இயற்றிய மன்னர். அரண்மனையில் தமிழும் தெலுங்கும் மராத்தியும் ஒன்றோடொன்று கலந்து புழங்கிய காலம் அது. வீட்டில் மராத்தியும் திரையில் தமிழும் பேசிய ஒரு குடும்பத்துக்கு அதைவிடத் தக்க சூழல் வேறு அமைந்திராது.

அத்திரையில் இராமாயணம் நடக்கும். ஆனால் குழந்தைகள் தூக்கத்தை விட்டு விழித்திருந்தது இராமனுக்காக அன்று, உச்சிக்குடும்பனுக்காகவும் உளுவைத்தலையனுக்காகவும். இவ்விருவரும் கோமாளிகள். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. உச்சிக்குடும்பன் தலையுச்சியில் நெட்டைக் குடுமி உடையவன். மற்றவனுடைய பெயரைக் கடற்கரை ஊரார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. உளுவை என்பது சேற்று நீரில் வாழும் சிறு மீன். அதிராம்பட்டினத்து உப்பங்கழியிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் காணலாம். உருண்ட தலையும் பிதுங்கிய கண்ணும் உடைய அம்மீனை ஒருமுறை பார்த்தவர்க்கு அப்பாவையின் முகம் தானே மனத்தில் எழும். நான் இதைச் சொன்னபோதுதான் அந்த மாணவர் முதன்முறையாகச் சிரித்தார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இராமனும் சீதையும் பெரும்பாலும் ஒரே தோலில் வெட்டப்பட்ட உருவங்கள். அவர்கள் திரையில் வந்து நிற்பர். கை ஒன்று அசைந்தால் பெரிது. கோமாளிகளுக்கோ கையும் காலும் தனித்தனியே வெட்டி மூட்டுப் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். அவர்கள் குதிப்பர், குட்டிக்கரணம் போடுவர், ஒருவரையொருவர் அறைவர். மன்னனுக்கு அசைவு குறைவு. ஏவலாளுக்கு அசைவு மிகுதி. சித்திரத்துக்கு உயிரூட்டுவதே இக்கலையின் நோக்கம் என்றால், அந்த உயிரில் பெரும்பங்கைக் கலைஞர் அடிமட்டத்தானுக்கே அளித்தனர் என்று கொள்ளலாம்.

மொழியிலும் அவ்வாறே. காவிய மாந்தர் செந்தமிழில் பேசுவர், பாடுவர். கோமாளி அன்றைய ஊர்ப்பேச்சில் பேசுவான். அயோத்தியில் பறையறையும் வேலைக்காரனாக வருவான்; வந்தவன் அயோத்தியைப் பற்றியா பேசுவான்? கூத்து நடக்கும் ஊரின் நெல் விலையைப் பேசுவான். கூத்துக்குக் காசு கொடுத்தவரைப் புகழ்வான். கொடாதவரைக் குத்திக் காட்டுவான். இராமன் கதை ஆண்டுதோறும் மாறாது. கோமாளியின் பேச்சு ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும். தஞ்சையைப் பற்றிய கல்வெட்டும் செப்பேடும் அரசன் கொடுத்ததைச் சொல்லும். குடியானவன் கூத்துப் பார்த்த இரவில் எதற்குச் சிரித்தான், எதற்குப் பெருமூச்செறிந்தான் என்பதை அவை சொல்லா. அதைச் சொன்ன ஒரே வாய் இந்தத் தோல் வாய்தான்.

இதைக் குடும்பக் கலை என்று நான் அழைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. திரைக்குப் பின்னால் இருந்ததும் ஒரு குடும்பமே. கணவன் பாவையை ஆட்டுவான். மனைவி பாடுவாள், ஆர்மோனியம் வாசிப்பாள். பிள்ளைகள் பாவைகளை வரிசையாக எடுத்துக் கொடுப்பர்; மத்தளமும் ஜால்ராவும் அவர்கள் கையில். கணவன் மனைவி சண்டையைக் கோமாளி நடித்தால், அது யார் வீட்டுச் சண்டை என்பது திரைக்கு முன்னால் இருந்தவர்க்குத் தெரியாது. பின்னால் இருந்தவர்க்குத் தெரிந்திருக்கும். கிரோனிங் தம் வீட்டார் பெயரைச் சித்திரத்துக்கு இட்டதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

ஆந்திர நாட்டுத் தோலு பொம்மலாட்டத்தில் இக்கோமாளிகள் குடும்பமாகவே காட்சியளிக்கின்றனர். கேத்திகாடு என்பவனும் பங்காரக்கா என்பவளும் ஓயாது சச்சரவிடுவர். இடையே ஜுட்டுப்போலிகாடு என்று ஒருவன் வந்து புகுவான். தெலுங்கில் ஜுட்டு என்றால் குடுமி. நம் உச்சிக்குடும்பனுக்கு அங்கே ஓர் உறவினன் இருப்பது இப்போது விளங்கும். ஆந்திரத்துக் கலைஞர்களும் மராத்தி பேசும் மரபினரே. பெயர்கள் மொழிக்கேற்ப மாறின, குடுமி மாறவில்லை.

கடலுக்கு அப்பாலும் இது தொடர்கிறது. அதிராம்பட்டினத்தார் தலைமுறை தலைமுறையாக வணிகத்தின் பொருட்டு மலாயாவுக்கும் கீழ்க்கடல் துறைகளுக்கும் சென்று வந்தவர்கள். அக்கடலின் தென்கோடியில் உள்ள சாவகத்தில் 'வாயாங்' என்னும் நிழற்கூத்து நடைபெறுகிறது. மகாபாரதக் கதைதான். ஆனால் நள்ளிரவு கடந்ததும் செமார் என்னும் தொந்திக் கிழவன் தன் பிள்ளைகள் காரெங், பெத்ருக், பாகோங் ஆகிய மூவரோடும் வந்துவிடுவான். வியாசர் அறியாத குடும்பம் இது. பாண்டவர்க்கு ஏவலாளாக இருந்துகொண்டே அவர்களைக் கேலி செய்யும். செமார் உண்மையில் ஏவல் வடிவில் வந்த தெய்வம் என்று சாவகத்தார் நம்புவர். நம் கோமாளிகளுக்கு அத்தகைய பெருமையை யாரும் அளிக்கவில்லை.

தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855-இல் மறைந்தார். டல்ஹௌசி பிரபுவின் ஆட்சியில் அவ்வரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆதரவு குன்றிய கலைஞர்கள் ஊர் ஊராக நகர்ந்தனர். மதுரை, திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கமாகவே பலர் சென்று சேர்ந்தனர். பின்னர்ப் பேசும்படம் வந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வெளியாயிற்று. சில ஆண்டுகள் கழிந்து நாகர்கோவிலைச் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன் படங்களில் நடிக்கத் தொடங்கினார். அவரும் டி. ஏ. மதுரமும் வரும் நகைச்சுவைப் பகுதிகளை அவரே தனியாக அமைத்துப் படத்தினுள் செருகினார். நாயகனும் நாயகியும் செந்தமிழில் துயருறும்போது இந்தத் தம்பதியர் ஊர்த்தமிழில் வழக்காடுவர். தோற்பாவைத் திரையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த அமைப்பில் புதுமை ஏதும் தோன்றியிராது. துணித்திரை வெள்ளித்திரையாயிற்று, நடுவில் வந்து சிரிக்க வைப்போரின் இடம் அப்படியே இருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாணவர் விரும்பியபோது 1989-ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்ல முடிகிறது. ஹோமரின் பழைய உறுமற்குரலைக் கேட்டு, பின்னாளைய குரலோடு ஒப்பிட முடிகிறது. உச்சிக்குடும்பனின் முதற்பருவத்துக்கு நம்மால் திரும்ப முடியாது. தஞ்சைத் திரையில் அவன் முதன்முதல் எந்தக் குரலில் பேசினான், மராத்தி வாடை எவ்வளவு வீசிற்று, எந்த அதிகாரியைக் கேலி செய்தான் என்பன எந்த ஓலையிலும் ஏறவில்லை. இராமாயணப் பாடல்கள் ஏட்டில் நின்றன. கோமாளியின் பேச்சை எழுதத் தகாதது என்று எண்ணியே விட்டிருப்பர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மு. இராமசாமி, அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் கலைஞர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதியிராவிடில் எஞ்சியதும் போயிருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய தோற்பாவைகள் உள்ளன. விளக்கு இல்லை, துணி இல்லை, குரலும் இல்லை.

கூத்து முற்றும் மறைந்துவிடவில்லை. தென் மாவட்டங்களில் சில குடும்பங்கள் அதை இன்னும் விடாது நடத்துகின்றன. பத்து இரவு என்பது போய் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. எண்ணெய் விளக்கின் இடத்தில் மின்விளக்கு எரிகிறது. எயிட்ஸ் நோய் பற்றிய விழிப்புணர்வுக்காகவும் இக்கலைஞர்களை அழைத்திருக்கின்றனர். அப்போதும் அறிவுரை கூறும் பொறுப்பை இராமனிடம் அவர்கள் கொடுப்பதில்லை. உச்சிக்குடும்பன் தனக்குத் தெரிந்ததைத் தப்பும் தவறுமாகச் சொல்ல, உளுவைத்தலையன் அவனை அறைகிறான்; முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், தாத்தாமார் சிரித்த அதே இடத்தில் சிரிக்கின்றனர்.