மெலனோமா: அளவுகோலிலிருந்து ஜீன் வரை

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா எனப்படும். தோற்புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் இது குறைவு. உயிரைப் பறிப்பதில் இதுவே முதலிடம் பெறுகிறது. வெளிறிய தோலினரிடையே, குறிப்பாக ஆஸ்திரேலியாவில், இது மிகுதி.

1787-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் ஒரு நோயாளியின் தாடையருகே இருந்த கட்டியை அகற்றிப் பாதுகாத்து வைத்தார். அது இன்ன நோய் என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. 1968-இல் அதை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோதுதான் மெலனோமா எனத் தெரிந்தது.

கட்டியை அகற்றியபின் நோயாளி கேட்பது ஒரே கேள்விதான்: "இது திரும்பி வருமா?" 1969-இல் அமெரிக்க மருத்துவர் வாலஸ் கிளார்க், கட்டி தோலின் எந்த அடுக்குவரை இறங்கியுள்ளது என்பதைக் கொண்டு நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார். மறு ஆண்டே அலெக்சாண்டர் பிரெஸ்லோ இன்னும் எளிய வழியைக் காட்டினார். நுண்ணோக்கியில் பொருத்திய அளவுகோலால் கட்டியின் தடிப்பை அளந்தார். அவர் ஆராய்ந்த 98 நோயாளிகளுள், தடிப்பு 0.76 மி.மீ.க்குக் குறைவாக இருந்த எவருக்கும் நோய் திரும்பவில்லை.

ஆயினும் மெல்லிய கட்டி எல்லாம் தீங்கற்றதன்று. 4 மி.மீ.க்கு மேற்பட்ட தடித்த கட்டிகளால் இறந்தவர்களைவிட, 1 மி.மீ.க்கு மேற்படாத கட்டிகளால் இறந்தவர்களே குவீன்ஸ்லாந்தில் அதிகம் என்று 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. மெல்லிய கட்டிகள் மிகப் பல. அவற்றுள் சிறு பங்கே பரவினாலும் இறப்போர் தொகை பெருகிவிடுகிறது.

அப்படியானால் ஒரே தடிப்புள்ள இரு கட்டிகளுள் பரவக்கூடியது எது? இங்கேதான் ஜீன்கள் வருகின்றன. எல்லா உயிரணுக்களிலும் ஏறத்தாழ ஒரே ஜீன்கள் இருப்பினும், எவை செயல்படுகின்றன, எவை உறங்குகின்றன என்பது வேறுபடும். செயல்படும் ஜீன், தூது ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும். அதன் அளவைப் பார்த்து ஜீனின் சுறுசுறுப்பை அறியலாம். 1995-இல் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள் பல ஜீன்களை ஒரே கண்ணாடித் தகட்டில் ஒருசேர அளக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறையால் 2000-இல் மைக்கேல் பிட்னர் குழுவினர் 31 மெலனோமாக்களை ஆராய்ந்து, அவற்றுள் 19 தனியொரு கூட்டமாகச் சேர்வதைக் கண்டனர்.

2015-இல் 31 ஜீன்களைக் கொண்ட ஒரு சோதனையின் முடிவுகள் வெளியாயின. அது கட்டிகளை 'அபாயம் குறைந்தவை', 'அபாயம் மிகுந்தவை' என இரு வகையாக்கியது. ஆனால் 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. முதற்கட்ட நோயாளிகளுள் நோய் திரும்பியவர்களில் 100-க்கு 29 பேரையே அச்சோதனை அபாய வகையில் சேர்த்திருந்தது. எஞ்சியோர் 'அபாயம் குறைந்தவர்' என்றே கணிக்கப்பட்டிருந்தனர்! சோதனையின் துணை அதிகம் தேவைப்படுவதோ இவர்களுக்குத்தான்.

எனவே பிரெஸ்லோவின் அளவுகோல் இன்றும் ஓய்வு பெறவில்லை. ஜீன் சோதனை அதற்குத் துணையாகலாம், மாற்றாகிவிடவில்லை. நோயைக் கட்டி மெல்லியதாக இருக்கும்போதே கண்டறிவதுதான் சிறந்த காப்பு. கருநிறத் தோலினருக்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலும் தோன்றும். அங்கே வளரும் கரும்புள்ளியை மச்சம் என்று எண்ணி விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.