லிட்டில் கிட்டிங் என்னும் சிற்றூர்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், ஹண்டிங்டன் நகருக்கு வடமேற்கே, கிட்டிங் என்னும் பெயருடைய மூன்று ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் ஒன்று லிட்டில் கிட்டிங். சில வீடுகள், சுற்றிலும் வயல்வெளி, ஒரு சிறு கோயில், இவ்வளவே ஊர். கோயிலையும் அதற்குரிய குடிகளையும் சேர்த்துச் ‘சேகரம்’ என்பது தமிழ்க் கிறித்தவருள் ஒரு சாரார் வழக்கு. இவ்வூரும் முன்பு ஒரு சேகரமாக விளங்கியதே. ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிகள் அருகிப்போய்க் கோயிலில் வைக்கோல் அடைத்து வைத்திருந்தனர்.

அந்நிலையில் இங்கு வந்தவர் நிக்கலஸ் பெரர். இலண்டன் வணிகர் ஒருவரின் மகன். அமெரிக்கக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியாக் கம்பெனியின் நிருவாகத்தில் முன்னின்று உழைத்தவர். 1624இல் அக்கம்பெனியின் உரிமைப் பட்டயம் பறிக்கப்பட்டது. மறு ஆண்டில் அவர்தம் அன்னையார் மேரி அம்மையார் இவ்வூர்ப் பண்ணையை வாங்கினார். பாழடைந்த மாளிகையைச் செப்பனிடுமுன் கோயிலிலிருந்த வைக்கோலை வெளியேற்றச் சொன்னவர் அவ்வம்மையாரே. நிக்கலசின் அண்ணன் ஜான், தமக்கை சுசன்னா, அவர்களுடைய மக்கள் என ஏறத்தாழ முப்பது பேர் அங்கே கூடி வாழலாயினர்.

அவர்கள் வாழ்வு மணிக்கணக்கில் வகுக்கப்பட்ட வழிபாடு. சங்கீதங்கள் 150ஐயும் ஒவ்வொரு நாளும் ஓதி முடிப்பர். இரவிலும் முறை வைத்து விழித்திருப்பர். அக்கம்பக்கத்துச் சிறுவர்க்கும் சங்கீதம் கற்பித்தனர். மனப்பாடமாக ஒப்பித்தால் ஒரு பாட்டுக்கு ஒரு பென்னி கிடைக்கும்! நம் ஆசிரியர்கள் இதை ஒப்புவார்களோ, அறியேன்.

அவ்வீட்டுப் பெண்களின் கைவண்ணமே தனிச் சிறப்புடையது. நான்கு நற்செய்தி நூல்களின் அச்சுத் தாள்களை வரிவரியாகக் கத்தரித்து, ஒரே தொடர் வரலாறாக ஒட்டி, படங்களும் சேர்த்துப் பெருநூல்களாகக் கட்டினர். சார்லஸ் மன்னர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்துத் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். அவருக்காக 1635இல் செய்த நூல் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

1633இல் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மரணப் படுக்கையிலிருந்து தம் கவிதைக் கையெழுத்துப் படியைப் பெரருக்கு அனுப்பினார். துன்புறும் ஓர் உயிர்க்கேனும் பயன்படுமாயின் அச்சிடுக, இல்லையேல் எரித்துவிடுக என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி. பெரர் அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜில் அதனை அச்சேற்றினார். ‘ஆலயம்’ என்னும் பெயருடைய அந்நூல் ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றது.

அதே பெரர் 1637இல், தாம் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, கோயிலின் மேற்கு வாயிலுக்கு ஏழடி தள்ளித் தமக்குப் புதைகுழி அளக்கச் செய்தார். தம்மிடமிருந்த நாடக நூல்களையும் காதற் கதைகளையும் கூடை கூடையாகக் கொணர்ந்து அவ்விடத்திலேயே எரிக்கச் சொன்னார். ஒரு கவிஞரைக் காத்த கை எத்தனை பேரை எரித்ததோ? பக்தி என்று கூறி இதனை மழுப்ப எனக்கு மனமில்லை.

1641இல் இக்குடும்பத்தைக் கன்னிமாடம் என்று தூற்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. 1646 மே மாதம், உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிய சார்லஸ் மன்னர் இரவில் இங்கே வந்து சேர்ந்தார். ஜான் அவரை மறைவான வேறொரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். 1657இல் ஜானும் சுசன்னாவும் மறைந்தனர். கூட்டு வாழ்வும் முடிந்தது.

இன்றுள்ள கோயில் 1714இல் திருத்திக் கட்டியது. 1936இல் இதனைக் கண்டு சென்ற டி.எஸ். எலியட், 1942இல் ஊர்ப் பெயரையே தலைப்பாக்கி ஒரு நெடும்பாட்டை வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு வருவோர் முதலில் காண்பது மேற்கு வாயிலுக்கு எதிரே உள்ள பெரரின் கல்லறையை. நூல்கள் எரிந்த இடமும் அதுவே.