கடல்நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரித்தெடுத்தல்: வரலாறு

கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த நீரை மறுபடியும் கடலில் விடும் முறை, புவி வெப்பமாதலைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக இன்று ஆராயப்படுகிறது. ஆயினும் இதை முனைந்து வளர்த்தவர்களுள் முக்கியமானவர்கள் காலநிலை அறிஞர்கள் அல்லர். எரிபொருள் தேடிய அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள்.

ஆலைப் புகையைக் கடல் விழுங்கிவிடும் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் ஆகியோர் 1957-இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. மனிதர் வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் ஏற்கிறது என்பது இன்றைய கணக்கு. அதற்கு விலையும் உண்டு: தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். மதிப்பு இப்போது சுமார் 8.1.

கடலில் இந்த வாயு பெரும்பாலும் வாயுவாக இருப்பதில்லை; பைகார்பனேட்டாக மாறியிருக்கிறது. சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைத்துப் பொங்குவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வினைதான் இங்கும். கடல்நீரை அமிலமாக்கினால் பைகார்பனேட் மீண்டும் வாயுவாகிறது. அதை வெற்றிடத்தால் உறிஞ்சி எடுத்தபின், காரம் சேர்த்து நீரைச் சமன்செய்து கடலில் விடுகிறார்கள். அந்த நீர் காற்றிலிருந்து புதிதாக வாயுவை ஏற்கும். அமிலம், காரம் இரண்டையும் மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரிலிருந்தே உண்டாக்கலாம் என்பதுதான் இதிலுள்ள நுட்பம்.

விமானம் தாங்கிக் கப்பல் அணுசக்தியால் ஓடினாலும், அதிலிருந்து பறக்கும் விமானங்களுக்கு எரிபொருள் வேண்டும். நடுக்கடலில் அதை நிரப்புவது சிரமம், போர்க்காலத்தில் ஆபத்தும்கூட. ஒரே கனஅளவில் காற்றைவிடச் சுமார் 140 மடங்கு கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் இருப்பதைக் கடற்படை ஆய்வகத்தின் ஹெதர் வில்லவர் குழுவினர் பயன்படுத்திக்கொண்டனர். அவர்களுடைய மின்வேதிக் கருவி அந்த வாயுவையும் ஹைட்ரஜனையும் ஒருங்கே தந்தது. இரண்டையும் சேர்த்து உருவாக்கிய எரிபொருளால் சிறிய மாதிரி விமானம் ஒன்று பறந்ததை 2014 ஏப்ரலில் அறிவித்தனர்.

அதன்பின் நோக்கம் மாறியது. எடுத்த வாயுவை எரிக்காமல் நிலத்தடியில் புதைக்கலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றது. விலை மிகுந்த சவ்வுகள் தேவைப்படாத முறையொன்றை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டனர். இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் நகரில் ஆண்டுக்கு 100 டன் வரை எடுக்கக்கூடிய சோதனை நிலையம் அமைந்துள்ளது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கரும்பலகையில் இரண்டே வரிதான். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா வடிவிலுமாகச் சேர்த்துச் சுமார் 100 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு உள்ளது. அப்படியானால் ஒரு டன் எடுக்க, ஒன்றுவிடாமல் எடுத்தாலும், ஒரு கோடி லிட்டர் நீரை இறைக்க வேண்டும். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் ஆண்டுதோறும் வெளியிடுவதோ 3,500 கோடி டன்னுக்கு மேல். இறைக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பயனெல்லாம் கரைந்துபோகும். இதனால்தான் ஏற்கெனவே பெருமளவு நீரை இறைக்கும் கடல்நீர் குடிநீராக்கும் ஆலைகளோடு இதை இணைக்க முயல்கின்றனர். கார்பன் குறைந்த நீர் வெளியேறும் இடத்தில் மிதவை உயிரிகளும் சிப்பிகளும் எப்படி வாழும் என்பதும் ஆராயப்பட்டு வருகிறது.