ஏற்றத்துக்கு ஒரு வண்டி, இறக்கத்துக்கு ஒரு வண்டி

வெளிநாட்டில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேகமாக ஓடப் போகிறீர்களா, தூரம் போகப் போகிறீர்களா? கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடரில் வேகத்துக்கு ஒரு மாடல், நெடும் பயணத்துக்கு இன்னொரு மாடல் உண்டு. ஹார்லி டேவிட்சனின் ட்ரை கிளைட் முழுக்க முழுக்கப் பயண வண்டி, சோபா மாதிரி சீட். ஒரு நாள் இரவு விடுதியில் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் சொன்னான்: "நம்ம ஊர்லயும் இதே கேள்விதான்டா. டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?"

எல்லோரும் சிரித்தோம். எங்களில் நாலு பேர் வீட்டில் ஆட்டோ ஓடுகிறது, அல்லது ஒரு காலத்தில் ஓடியது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு லயத்துக் கோடியில் மணிக்கணக்காகச் சண்டை போட்ட ஆட்களை எங்களுக்குத் தெரியும். அதனால் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆட்டோ ஸ்டாண்டுகளில் நின்று கதை கேட்டோம். கேட்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

வண்டிக்கு முன்னால் பாதையைச் சொல்ல வேண்டும். மலையகத்தின் பாதைகள் ஆட்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகப் போடப்பட்டவை. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்ததே தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கத்தான். தோட்டத்துக்குள் போனால் கார்ப் பாதை ஸ்டோருக்குப் போகும், துரை பங்களாவுக்குப் போகும், ஆபிசுக்குப் போகும். லயத்துக்குப் போவது பெரும்பாலும் குறுக்குப் பாதையும் கல்லுப் படியும். சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. தபால்காரருக்குக் கால் இருந்தது. பிள்ளை பெற வலி வந்தால் கொழுந்து லொறி காலியாகும் வரை காத்திருந்த கதை எங்கள் ஒவ்வொருவரின் பாட்டியிடமும் உண்டு. ஒரு பாட்டி, தன் மூத்த மகன் லொறியில் பிறந்ததால்தான் இன்னும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறான் என்பார்.

அதே பாதைகளில் விளையாட்டும் நடந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் தேயிலை மலைக்கு நடுவே மேல்நோக்கிச் சீறும். ஏப்ரல் சீசனில் இன்றும் கூட்டம் சேரும். நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்லவிலும் இதே மாதிரிப் பந்தயம் உண்டு. ஸ்போர்ட்ஸ் ரைடிங் என்றால் எங்கள் ஊரில் அதுதான் நெடுங்காலமாக. எங்கள் அப்பாமார் அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள்.

இனி ஆட்டோ. போருக்குப் பிந்திய இத்தாலியில் பியாஜியோ கம்பனி 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 1948இல் அதன் பின்பக்கத்தில் இரண்டு சக்கரம் மாட்டி 'ஆப்பே' என்று விற்றது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. இரண்டையும் வடிவமைத்தவர் கொராதினோ தஸ்கானியோ, விமானப் பொறியியலாளர். இந்தியாவில் பஜாஜ் பியாஜியோவின் உரிமத்தோடு 1960களில் இதே வகை வண்டிகளைச் செய்தது. இலங்கைக்கு அது 1979 அளவில் ரிச்சர்ட் பீரிஸ் கம்பனி மூலம் வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டிராவிட்டால் வந்திருக்காது.

ஆனால் கொழும்பில் ஓடத் தொடங்கிய வண்டி லயத்துக்கு வருவதற்குப் பல ஆண்டு பிடித்தது. காசு ஒரு காரணம், கடதாசி இன்னொரு காரணம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது தெரிந்த கதை. தேசிய அடையாள அட்டை 1970களில் வந்தபோது அது பிரசைகளுக்கு மட்டும். அட்டை இல்லாமல் லைசன்சுக்கும் கடனுக்கும் போய் நிற்பது எப்படி? 1988 சட்டமும் கடைசியாக 2003 சட்டமும் வந்த பிறகுதான் எஞ்சியிருந்தவர்களின் கணக்கு முடிந்தது. ஒரு பெரியவர் சொன்னார்: "நான் ஓட்டப் பழகுனது எண்பத்தாறுல. எம்பேர்ல வண்டி எடுத்தது தொண்ணூத்தெட்டுல. நடுவுல ஓட்டுனதெல்லாம் இன்னொருத்தன் வண்டி."

லயத்துக்கு முதலில் வந்த வண்டி டூ ஸ்ட்ரோக் பஜாஜ். ஏறத்தாழ 145 சிசி. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை பத்துத் தடவை இழுத்தாலும் பொறுமையாக இருமும். ஆனால் பற்றிக்கொண்டால் ஏறும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அளவுக்கு மீறிய இழுவை அதனால்தான். மேலே போகப் போகக் காற்று ஐதாகி, ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் எஞ்சின் ஏறத்தாழ 10 சதவீத வலுவை இழக்கும். ஹட்டன் 1200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1800க்கும் மேல். அங்கே பின் சீட்டில் நாலு பேரும் ஒரு அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இழுவைதான் எல்லாம்.

அதனால்தான் பழைய சாரதிகள் இன்னும் டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி இறந்துபோன மாட்டைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசுகிறார்கள். நாங்கள் முழுக்க நம்பவில்லை. பிறகு வந்த, ஏறத்தாழ 200 சிசி உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளும் அதே ஏற்றங்களில் தினமும் ஏறுகின்றன. பஜாஜ், டிவிஎஸ் கிங் இரண்டையும் ஓட்டிய அண்ணன் ஒருவர் வித்தியாசம் ஏற்றத்தில் இல்லை என்றார். "எறக்கத்துல பாரு தம்பி. அங்கதான் வண்டி யாருன்னு தெரியும்."

இது எங்களுக்குப் புதிது. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டால் பெற்றோலும் குறையும், ஒயிலும் குறையும். எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆட்கள் கினிகத்தேன பக்கம் இறங்கும்போது இடைக்கிடை 'ர்ர்ரும்' என்று முறுக்கிவிடுவார்கள். சின்ன வயதில் அதை ஸ்டைல் என்று நினைத்தோம். இன்னொன்று, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சின்னக் கியரில் போட்டால் எஞ்சினே பாதிப் பிரேக். டூ ஸ்ட்ரோக்கில் எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல்.

மூன்று சக்கரத்தின் வடிவமும் இறக்கத்துக்கு எதிரானது. முன்னால் ஒற்றைச் சக்கரம். வளைவில் பிரேக் அடித்தால் பாரம் முன்னால் சாய்கிறது, சாய்ந்த பக்கத்தில் தாங்கச் சக்கரம் இல்லை. இங்கிலாந்தின் மோர்கன் வண்டிகள் நூறு வருசத்துக்கு முன்பே இரண்டு சக்கரத்தை முன்னால் வைத்து ஓடிப் பந்தயம் வென்றன. ஸ்பைடரும் அப்படியே. வேகத்துக்குச் செய்த வண்டிக்கு இரண்டு முன்சக்கரம், கூலிக்குச் செய்த வண்டிக்கு ஒன்று. காரணம் எளிது: ஒற்றை முன்சக்கரம் என்றால் ஸ்கூட்டரின் ஹாண்டிலும் முன்பாதியும் அப்படியே போதும், விலை குறையும், ஒடுக்கமான இடத்திலும் திரும்பும். லயத்து முடுக்கில் ஸ்பைடரைத் திருப்பிப் பார்க்கட்டும்.

2008 அளவில் அரசாங்கம் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. காரணம் புகை. நியாயமான காரணம்தான், எரியாத ஒயில் கலந்த அந்த நீலப் புகையில் நிற்பவருக்கு அது தெரியும். ஆனால் முடிவு கொழும்பின் காற்றை வைத்து எடுக்கப்பட்டது. மலைக்கு எந்த வண்டி நல்லது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எங்களுக்கு இறக்கத்தில் நல்லதைத் தந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு தெரிவு மாடலுக்கு வெளியே போய்விட்டது. கொழும்பில் கடையில் வேலை செய்து சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்பும் பையன்களுக்கு லீசிங்கில் ஒரு ஆட்டோ என்பதுதான் கொழுந்துக் கூடைக்கும் கடைக் கவுண்டருக்கும் வெளியே இருந்த ஒரே வழி. 2017இல் மத்திய வங்கி முச்சக்கர வண்டிக்கான கடனை அதன் பெறுமதியின் 25 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியது. மிச்ச 75 சதவீதம் கையில் இருக்க வேண்டியிருந்தது. அடகு வைக்கக் காணியும் இல்லை, குடியிருக்கும் காம்பரா கம்பனியுடையது. அதே காலத்தில் ஆட்டோ ஓட்ட 35 வயதாக வேண்டும் என்றும் பேச்சு வந்தது. இளைஞர்கள் ஆட்டோவில் வீணாகிறார்கள் என்றார்கள். வேறு எதில் வீணாகாமல் இருப்பது என்று சொன்னவர் குறைவு. 2020இல் வாகன இறக்குமதியே நின்றது. 2022இல் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டை வந்தபோது, 5 லீற்றரில் மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் ஆஸ்பத்திரி ஹயரையே எடுத்தார்கள்.

2023 ஜனவரி 20 அன்று ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்கிய ஒரு பஸ், வேனிலும் ஆட்டோவிலும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். பந்தயத்துக்குப் பெயர்போன அதே ரதெல்ல. அந்தப் பாதையில் நாங்களும் பள்ளிக்கூட நாட்களில் போயிருக்கிறோம், ஆட்டோவில் ஆறு பேராக. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் இறங்கும்போது யாரும் பேசுவதில்லை என்றார் ஒரு சாரதி.

இப்போது வெளிநாட்டுக்காரர் ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டி நுவரெலியா, எல்ல என்று சுற்றுகிறார்கள். கூரையில் சர்ஃப் பலகை, பக்கத்தில் ஸ்பீக்கர். டூரிங் மாடல்! தப்பில்லை, ஜாலியாகத்தான் இருக்கும். றம்பொடை வளைவில் பிரேக் சூடாகி நின்ற ஒரு ஜோடியை எங்களில் ஒருத்தியின் சித்தப்பாதான் அரை மணிநேரம் ஆறவைத்து, இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி அனுப்பினாராம். அவர்கள் காசு நீட்டினார்கள், வாங்கவில்லை. செல்ஃபி எடுத்தார்கள், சிரித்தார்.

சித்தப்பாவின் வண்டி பழைய ஃபோர் ஸ்ட்ரோக். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புது வண்டியின் விலையை விசாரித்துவிட்டு, இருக்கிறதற்கே பிரேக் லைனர் மாற்றிக்கொண்டார். பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றலாம் என்கிறார்களே என்று கேட்டோம். "பெட்டரி பாரத்தோட எங்க லயத்து மேடு ஏறுமா? எறங்கையில புடிச்சு நிறுத்துமா? ரெண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். பிறகு சீட்டுக்கடியில் இருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அணை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.