மேளமும் வழிச்செலவும்: யாழ்ப்பாணத்துத் திருவிழா இசை கடல் கடந்த வரலாறு

இசை வரலாறு எழுதப் புகுவோர் இராகங்களைப் பற்றியும் பாணிகளைப் பற்றியும் குருசீட பரம்பரைகளைப் பற்றியும் விரிவாகக் கூறுவர். அவ்விசை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதனைக் கொண்டுவந்தோர் எத்தனை இரவுகளை வழியிற் கழித்தனர், அவ்வழிச்செலவை யார் கொடுத்தனர் என்பனவற்றைக் கூறுவோர் மிகச் சிலரே. ஒரு தீவின் இசையைப் பொறுத்தவரை இவ்வினாக்களை ஒதுக்கிவிட முடியாது. பாக்கு நீரிணையைக் கடப்பதற்கான செலவும் சிரமமும் யாழ்ப்பாணத்தின் நாதசுர, தவில் மரபை உருவாக்கியதிற் பெரும்பங்கு கொண்டன. எளிதிற் கிடைக்காத இசையைப் பெறுவதற்காகக் கிராமங்கள் பெரும்பொருள் கொடுத்தன. கிடைப்பது அரிதாகிய காலங்களிலே தம் மண்ணில் வளர்ந்த இசையையே நம்பி நின்றன. இவ்விரு போக்குகளையும் நீர்வேலி போன்றதொரு வேளாண் கிராமத்தின் நிலையில் நின்று நோக்குவது பயனுடையதாகும்.

கிராமமும் உபயமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கோப்பாய்க்கு அப்பால் அமைந்துள்ள செம்மண் கிராமம் நீர்வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாழ்ந்த சங்கர பண்டிதரின் ஊர் என்ற வகையிற் கல்வியுலகிலும், வாழைச் செய்கையினாற் சந்தையிலும் பெயர் பெற்றது. ஆறில்லாத குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் கிணற்று நீரே பயிருக்கு உயிர். துலா மிதித்தும், பின்னர் இயந்திரம் வைத்தும் இறைத்த நீரில் விளைந்த புகையிலை, வாழை, வெங்காயம், மிளகாய் ஆகியனவே வீட்டுச் செலவுக்கும் கோயிற் செலவுக்கும் ஊற்றாயின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் அமர்ந்த யாழ்ப்பாணத்தார் அனுப்பிய பணமும் குடாநாட்டின் பல கோயில்களுக்குத் திருப்பணியாகவும் திருவிழாவாகவும் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே மகோற்சவத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தாரின் அல்லது ஒரு பகுதியாரின் உபயமாக அமைவது வழக்கம். சாத்துப்படி, அன்னதானம், வாணவேடிக்கை, மேளம் என்பன அன்றைய உபயகாரரின் பொறுப்பு. இவற்றுள் ஊரார் நாவில் நெடுங்காலம் நின்றது மேளமே. முதல்நாள் உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால், மறுநாள் உபயகாரர் நான்கு கூட்டம் பிடிக்க முனைவர். விடியும்வரை நீடிக்கும் மேளச்சமாவைக் கேட்பதற்கு அயலூர்களிலிருந்து மக்கள் நடந்தும் திருக்கல் வண்டியிலும் வந்தனர். நீர்வேலியார் நல்லூருக்கும் இணுவிலுக்கும் செல்வதும், அவ்வூரார் இங்கு வருவதும் இவ்விசைச் சுற்றின் பகுதிகளாயின. கேட்போருக்கு அது இலவச இசை. ஆயின் அதற்கு விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவ்விலையிற் கணிசமான பங்கு இசைக்கன்றி வழிக்கே சென்றது.

காற்றை நம்பிய காலம்

நீராவிக் கப்பலும் புகையிரதமும் இணைவதற்கு முன்னர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளுக்கும் நாகபட்டினம், வேதாரணியம் முதலிய கரைகளுக்கும் இடையே பாய்மரக் கலங்கள் ஓடின. நெல்லும் ஓடும் துணியும் வந்த அவ்வழியிலேயே வித்துவான்களும் வந்தனர். தூரம் சிறிது, உறுதியின்மை பெரிது. திருவிழாவின் நாள் பஞ்சாங்கத்தால் நிச்சயிக்கப்படும். கலம் புறப்படும் நாளையோ சோளகமும் வாடையுமே நிச்சயித்தன. ஆதலால் கலைஞர் குறித்த நாளுக்குப் பல நாட்கள் முன்னதாகவே புறப்பட வேண்டியிருந்தது. கரையிலே காற்றுக்குக் காத்திருந்த நாட்களின் சோற்றுச் செலவும், திரும்புங்கால் காத்திருந்த நாட்களின் செலவும் மேளம் பிடித்தவரையே சார்ந்தன.

இத்தகைய பயணத்தைச் சிலமுறை மேற்கொண்ட குடும்பங்களுட் சில, திரும்பிச் செல்வதினும் இங்கே தங்குவதே நன்றெனக் கண்டமை இயல்பே. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களிலே இசை வேளாளர் குடும்பங்கள் நிலைகொண்டன. தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரும் உள்ளூர்க் குடும்பத்தாரும் மணவுறவாலும் குருசீட உறவாலும் கலந்தனர். ஈழத்து நாதசுர மரபின் தொடக்கத்தை விளக்குங்கால் பக்தியோடும் புரவலர் ஆதரவோடும் இக்கடற்பயணத்தின் இடரையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

1914: குறுகிய கடல், நெடிய வழி

1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. எழும்பூரிற் புறப்பட்ட புகையிரதம் பயணிகளைத் தனுஷ்கோடித் துறையில் இறக்கியது. ஏறக்குறைய இருபது மைல் கடலைக் கப்பல் கடந்தது. தலைமன்னாரில் இலங்கைப் புகையிரதம் காத்திருந்தது. ‘போட் மெயில்’ எனப் பெயர் பெற்ற இவ்விணைப்பு காற்றின் ஆட்சியை முடித்து வைத்தது.

எனினும் இவ்வழி யாழ்ப்பாணத்துக்காக அமைக்கப்பட்டதன்று. இந்தியாவைக் கொழும்புடனும், தென்னிந்தியத் தொழிலாளரை மலைநாட்டுத் தோட்டங்களுடனும் இணைப்பதே அதன் முதன்மையான நோக்கம். ஆகவே தலைமன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பயணி, முதலில் தென்கிழக்காக ஏறக்குறைய 106 கிலோமீற்றர் சென்று, மதவாச்சியில் இறங்கி, 1905இல் நிறைவெய்திய வடபகுதிப் பாதையிலே வேறொரு வண்டி பிடித்து மீண்டும் வடக்கு நோக்கி வரவேண்டியிருந்தது. கும்பகோணத்துக்கும் நீர்வேலிக்கும் இடையே நேர்கோடு ஒன்று வரைந்தால் அது கடலைக் கடந்து சிறிது தூரத்திலேயே முடிந்துவிடும். புகையிரதச் சீட்டு வாங்கியவரோ தீவின் உட்பகுதிவரை சென்று திரும்பினார்.

பெரியமேளம் தனியொருவரின் கலையன்று என்பதும் இங்கே கருதத்தக்கது. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம், உடன் வரும் உதவியாளர் என ஆறேழு பேர் ஒரு கூட்டத்தில் அடங்குவர். அத்தனை பேருக்கும் புகையிரதக் கட்டணம், கப்பற் கட்டணம், வழியுணவு, தங்குமிடம் என்பனவற்றைக் கொடுத்து, ஓரிரவு வாசிப்புக்காகப் பல நாட்களை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இச்செலவைத் தனியொரு கோயில் தாங்குவது கடினம். எனவே ஒரு திருவிழாவுக்கு வந்த கூட்டத்தாரை அதனோடு அனுப்பிவிடாது, அயலூர்க் கோயில்களும் அடுத்தடுத்த நாட்களுக்கு ஒழுங்கு செய்துகொள்ளும் முறை வளர்ந்தது. உபயத்திலே போட்டியிட்ட ஊர்கள் வழிச்செலவிலே கூட்டாளிகளாயின.

திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் போன்ற பெருங்கலைஞரின் வாசிப்பை ஈழத்தார் நேரிலே கேட்கும் வாய்ப்பு இவ்வாறே கிட்டியது. அவர்களை நேரிற் கேட்டது இரசிகரின் செவியை மட்டும் வளர்க்கவில்லை. அதே திருவிழாவில் அடுத்த கூட்டமாக நின்று வாசித்த உள்ளூர்க் கலைஞருக்கு அது ஒரு தேர்வாகவும் பாடமாகவும் அமைந்தது.

எதிர்த்திசைப் பயணம்

இப்பாடத்தின் உச்சநிலை விளைவு தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலிலே விசுவலிங்கத் தவிற்காரரின் மகனாகப் பிறந்து, அளவெட்டியோடு தம் பெயரை இணைத்துக்கொண்டவர். தமிழகம் சென்று நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் பயின்றார். பின்னர் தமிழகத்தின் முன்னணி நாதசுர வித்துவான்களுக்கு அங்கேயே தவில் வாசித்துப் பெருமதிப்புப் பெற்றார். அதுவரை வடக்கிலிருந்து தெற்காகவே கடல் கடந்த கலை அவரோடு எதிர்த்திசையிலும் பயணம் செய்தது. 1975இல் அவர் மறைந்தார். நாதசுரத்திலே அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன் போன்றோர் பெற்ற உயர்வும் இக்காலத்ததே.

இவ்வளர்ச்சிக்கு அரசியற் சூழலும் காரணமாயிற்று. சுதந்திரத்துக்குப் பின்னர் 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நீரிணையை நாட்டெல்லையாக்கியது. கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றி எவரும் மேளத்துடன் கரையேற முடியாதாயிற்று. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அயல்நாட்டவருக்குப் பணம் கொடுப்பதையும் அனுமதிக்கு உட்படுத்தியது. 1970களின் முற்பகுதியிலே இறக்குமதித் தடைகளால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. நீர்வேலி போன்ற செம்மண் ஊர்களின் தோட்டக்காரர் கையிற் பணம் புழங்கியது. செலாவணியைச் சேமிக்கும் நோக்கத்தால் எழுந்த கொள்கையொன்றே உபயகாரருக்குப் பணத்தையும் கொடுத்து, அப்பணத்தைக் கடல் கடந்து செலவிடும் வழியையும் நெருக்கியது. உள்ளூர் வெங்காயத்துக்குச் சந்தை விரிந்தது போன்றே உள்ளூர் மேளத்துக்கும் சந்தை விரிந்தது எனலாம்.

கலைஞரை ஓரிரவுக்கு வரவழைப்பதற்கு மாற்றாக ஆசிரியரை வரவழைக்கும் எண்ணமும் இக்காலத்திலே உருப்பெற்றது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது தமிழகத்திலிருந்து மகாராஜபுரம் சந்தானம் வந்து அதன் முதல்வராகப் பணியாற்றினார். கச்சேரிக்குக் கொடுத்த வழிச்செலவு விடிந்ததும் தீர்ந்துவிடும். ஆசிரியருக்குக் கொடுத்த வழிச்செலவு மாணவர் வழியாக ஆண்டுதோறும் பலன் தரும். இவ்வேறுபாட்டைச் சமூகம் முழுமையாக உணர்ந்ததா என்பது ஐயத்துக்குரியது.

அடைபட்ட வழிகள்

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1984ஆம் ஆண்டளவிலே போர்ச்சூழலால் அதுவும் நின்றது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட அவ்வாண்டுகளிலே கலைஞர் பலரின் ஊர்தி துவிச்சக்கரவண்டியே. ஊரடங்கு இரவுத் திருவிழாவைப் பகலுக்குள் ஒடுக்கியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நீர்வேலியாரும் தம் வீட்டையும் கோயிலையும் விட்டு வெளியேறினர்.

இத்தடைகள் கலைஞரோடு கருவிகளையும் தாக்கின. தவிலுக்கான பலா குடாநாட்டிலும் உண்டு. ஆச்சா மரத்தில் நாதசுரம் கடைவோரோ காவிரிக் கரையின் நரசிங்கம்பேட்டையார். சீவாளிக்கான கொறுக்கைத் தட்டையும் அக்கரைக்கே உரியது. பெருங்கலைஞனின் மூச்சும் ஒரு விரல் நீளமுள்ள தட்டைத் துண்டை நம்பியே நின்றது. அதுவும் கடல் கடந்தே வரவேண்டியதாயிற்று. கடலடைப்பு ஒரு கலையை எவ்விடத்திற் பிடிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் மேளம் நிற்கவில்லை. ஊர் திரும்பிய மக்கள் கோயிற் கொடியை ஏற்றியபோது வாசிப்பதற்கு இணுவிலிலும் அளவெட்டியிலும் ஏனைய ஊர்களிலும் கலைஞர் இருந்தனர். முந்திய தலைமுறைகள் கொடுத்த வழிச்செலவு வீண்போகவில்லை என்பதை வழியடைபட்ட காலமே மெய்ப்பித்தது.

இன்றைய கணக்கு

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்ற சென்னை விமானச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. பழைய பாய்மர வழி ஒருவாறு திறந்துள்ளது. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்துக் கலைஞரே இலண்டன், ரொறன்ரோ, செர்மனியின் ஹம் முதலிய இடங்களிலுள்ள கோயில்களுக்கு அழைக்கப்படுகின்றனர். அந்நாடுகளின் கோடைக்காலத் திருவிழாக்கள் இங்குள்ள ஆனி, ஆடி, ஆவணித் திருவிழாக்களோடு ஒரே பருவத்தில் வருவன. முன்னர் தஞ்சை வித்துவானுக்கு வழிச்செலவு கொடுத்த ஊரின் பிள்ளைகள், இன்று புலம்பெயர்ந்த நாட்டின் உபயகாரராக நின்று, யாழ்ப்பாணத்து வித்துவானுக்கு விமானச் சீட்டும் நுழைவு அனுமதியும் பெற்றுக்கொடுக்கின்றனர்.

இவ்வரலாற்றிலே மாறாத குறையொன்றும் உண்டு. தூரத்திலிருந்து வந்தவருக்குக் கொடுத்த மதிப்பை அருகில் இருந்தவருக்குக் கொடுக்க யாழ்ப்பாணச் சமூகம் தயங்கியது. வீதியிலே பொன்னாடை பெற்ற உள்ளூர்க் கலைஞர், மேளம் ஓய்ந்தபின் சாதியமைப்பு தமக்கு விதித்த இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. கடல் கடந்து வந்த கலைஞரின் கூலியில் வழிச்செலவு சேர்ந்தமையால் அது பெரிதாயிற்று. வழிச்செலவு இல்லாமையையே காரணமாக்கி உள்ளூர்க் கலைஞரின் கூலி குறைக்கப்பட்டது. அவரை உருவாக்கச் சென்ற குருகுல ஆண்டுகளும் ஒரு நெடும்பயணமே என்பதை எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை. அக்கணக்கை இன்று சேர்ப்பது நீர்வேலி முதலான ஊர்களின் உபயகாரருக்கும் கோயிற் சபைகளுக்கும் உரிய கடமையாகும். வழிகள் மீண்டும் அடைபடும் காலம் வருமாயின், அன்று கோயில் வீதியில் நிற்கப்போவது அருகில் வாழும் கலைஞரே.