எழுத்தைத் திறந்து வைத்தவர்கள்

'ஹேக்கர்' என்றவுடன் பிறர் கணக்கில் புகுந்து பணம் திருடுபவன் என்ற எண்ணமே இன்று பலர் உள்ளத்தில் எழுகின்றது. அச்சொல்லின் தொடக்கம் அத்தகையது அன்று. 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மாதிரித் தொடர்வண்டி அமைத்து மகிழ்ந்த மாணவர் மன்றத்தில் அது வழங்கியது. தண்டவாளத்தின் அடியில் ஓடும் மின்கம்பிகளைப் புதுமுறையில் இணைத்துக் காட்டும் திறமையை அம்மாணவர் அச்சொல்லால் பாராட்டினர்.

அவருள் சிலர் பின்னர்க் கணினியை நாடினர். 1961-இல் அக்கழகத்திற்குப் பிடிபி-1 என்னும் கணினி வந்தது. இரவெல்லாம் விழித்திருந்து அதற்கு நிரல் எழுதினர். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. துளையிட்ட காகித நாடாவில் பதித்துப் பொதுவில் வைத்தனர். விரும்பியவர் எடுத்துத் திருத்தினர். 1962-இல் ஸ்டீவ் ரஸ்ஸல் முதலியோர் ஆக்கிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டு இவ்வாறே பலர் கைபட்டு வளர்ந்தது. பிற்காலத்தில் மென்பொருள் விற்பனைப் பொருளாகி மூலநிரல் மறைக்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனு' திட்டத்தை அறிவித்துப் பழைய வழக்கத்தை மீட்க முனைந்தார்.

இவ்வரலாற்றோடு தமிழருக்கு உறவுண்டா? உண்டு. ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டப் பள்ளிகளில், ஆசிரியர்கள் தேர்வுத்தாளை ஸ்டென்சில் தாளில் கையால் எழுதிப் படியெடுத்த காலம் ஒன்றிருந்தது. கணினி வந்தபோதும் அது தமிழ் அறியாததாகவே வந்தது. பெருநிறுவனங்கள் வழிகாட்டட்டும் என்று காத்திராமல், ஆர்வலர் சிலர் தாமே அதனுள் புகுந்து தமிழுக்கு இடம் தேடினர். மலேசியாவில், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு அஞ்சலை' உருவாக்கினார். சிங்கப்பூரில், தமிழ் கற்பித்தவரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியனை' ஆக்கினார். 1995-இல் இணையத்தில் தமிழ்க் கவிதை ஏறத் துணைநின்றார்.

இடர் சிறியதன்று. அக்காலக் குறியீட்டில் 256 இடங்களே இருந்தன. முதற்பாதி ஆங்கிலத்திற்குரியது. எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகள் அடங்குமா? ஆகவே கொம்பு, துணைக்கால் முதலியவற்றைத் தனியே பிரித்து அடுக்கினர். ஆனால் ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினர்! ஒருவர் எழுதிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. உரிமை மட்டும் போதாது, ஒற்றுமையும் வேண்டும் என்பதை அவர்கள் பட்டுணர்ந்தனர். பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே வாதிட்டுத் 'திஸ்கி' என்னும் பொதுக்குறியீட்டை வகுத்தனர். 1999-இல் தமிழ்நாட்டு அரசு 'தமிழ்99' விசைப்பலகையை ஏற்றது. பின்னர் ஒருங்குறி பரவியபோது அச்சிதறல் பெரும்பாலும் நீங்கியது. இதற்கிடையே, 1998-இல் தொடங்கிய 'மதுரைத் திட்டத்தில்' தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதி எவரும் எடுத்துக்கொள்ள வைத்தனர். காகித நாடாவைப் பொதுவில் வைத்த அதே மனம் இதுவன்றோ!

இன்று மாணவர் கைப்பேசியில் நொடியில் தமிழ் எழுதுகின்றனர். அது தானாக வந்ததன்று. வகுப்பறையில் இலக்கிய வரலாறு கற்பிக்கும்போது இவ்வெழுத்தின் வரலாற்றையும் கற்பித்தல் நம் கடன். கருவியைப் பயன்படுத்துவதோடு நின்றுவிட்டால் நம் மாணவர் என்றும் பிறர் அமைத்ததை வாங்குவோராகவே இருப்பர். அதைத் திறந்து பார்க்கத் துணிந்தவரால்தான் தமிழ் திரையேறியது.